அளவெடுத்த கோல்: மலையகத்துக் கோல்ப் ஆட்டம் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஏரைத் திருத்தியவர் யார், தறியை விரைவுபடுத்தியவர் யார், நீராவியை அடக்கி ஆண்டவர் யார் என்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஒரு கருவி எவருடைய உடலை அளந்து செய்யப்பட்டது, அளக்கப்படாதவர் அதனை எவ்வாறு கையாண்டார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இக்கட்டுரை அவ்வினாக்களை ஒரு விளையாட்டுக் கருவியை முன்வைத்து எழுப்ப முனைகின்றது. நுவரெலியாவின் புற்றரையிலே நூற்றாண்டுக்கு மேலாக ஆடப்பட்டுவரும் கோல்ப் ஆட்டத்திற்குரிய கோலே அக்கருவியாகும்.

கோல்ப் ஆடுவோரிடையே இன்று ஒரு வழக்கு நிலவுகின்றது. கடையில் ஆயத்தமாக விற்கும் கோல்களை வாங்குவதா, அன்றித் தன் உயரம், கையின் நீளம், வீச்சின் வேகம் ஆகியவற்றை அளக்கச் செய்து தனக்கெனப் பொருத்திய கோல்களைப் பெறுவதா என்பதே அது. தமிழ்ச் சங்க ஆண்டிதழில் இடம்பெறுவதற்கு இதற்கு என்ன உரிமை என்று வாசகர் புருவம் நெரிக்கக்கூடும். மலையகத்தை அறிந்தவர்க்கு அவ்வையம் நெடுநேரம் நிலைக்காது. கோலும் அளவும் தேயிலைத் தோட்டத்தில் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஆட்டத்தின் பெயரிலேயே நம் மொழியின் ‘கோல்’ ஒலிப்பதைக் கண்டு எவரும் மகிழ்ந்துவிட வேண்டியதில்லை. ஒல்லாந்து மொழியில் தடியைக் குறிக்கும் சொல்லோடு அப்பெயரை இணைப்பதே அறிஞர் வழக்கு. உலகத்துச் சொற்களையெல்லாம் தமிழில் வேர்காட்டும் நண்பர்கள் இவ்வொன்றை விட்டுவிடலாம். ஆயினும் தமிழில் ‘கோல்’ என்பது தடியை மட்டும் குறிக்கவில்லை. அளவுகோல், துலாக்கோல் என அளவையின் பெயராகவும் அமைந்துள்ளது. அவ்விரு பொருளும் இக்கட்டுரைக்கு வேண்டியவை.

இலங்கைக்குக் கோல்ப் ஆட்டம் வந்த காலத்தை நோக்குவோம். கொழும்பிலே 1879ஆம் ஆண்டில் முதற் கழகம் தோன்றிற்று. நுவரெலியாக் கழகம் 1889இல் தொடங்கப்பெற்றதென்பதும், ஸ்கொத்லாந்துப் படைப்பிரிவொன்றைச் சேர்ந்த போர்வீரர் ஒருவர் அதற்கு வித்திட்டாரென்பதும் அக்கழகம் தன் வரலாறாகக் கூறுவன. இப்பத்தாண்டு இடைவெளி தற்செயலானதன்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தது. லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, கோப்பி அழிந்த நிலத்தை 1880களில் விரைந்து நிரப்பிற்று. புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. நுவரெலியாவில் துரைமாருக்கென ‘ஹில் கிளப்’ 1876இலேயே அமைந்திருந்தது. தேயிலையின் இலாபமும் இருப்புப்பாதையும் வந்து சேர்ந்தபின் அதனருகே பதினெட்டுக் குழிகளைக் கொண்ட புற்றரை விரிவது இயல்பான அடுத்த படியாயிற்று.

டெய்லர் உட்படத் தோட்டத்துரைமாரிற் பலர் ஸ்கொத்லாந்தினர். டன்சினேன், பெல்மோரல், கிளென்லயன் எனத் தாம் விட்டுவந்த நிலத்தின் பெயர்களைத் தோட்டங்களுக்குச் சூட்டியவர்கள் அந்நிலத்தின் ஆட்டத்தையும் கொணர்ந்தனர். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரும் மூடுபனியும் அவர்களுக்கு ஊர்நினைவை ஊட்டியிருத்தல் வேண்டும். அப்புற்றரையின் ஓரத்திலே 1845இல் இடிவிழுந்து இறந்த மேஜர் றொஜர்ஸின் கல்லறை இன்றும் உண்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் அவர். கல்லறையையும் இடி விடாது தாக்கிற்றென்று ஊரார் கூறுவர். யானைகளின் பக்கம் நின்று பார்த்தால் அதிற் குறையொன்றுமில்லை.

துரைமார் கொணர்ந்த கோல் எத்தகையது என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். ஸ்கொத்லாந்து மன்னன் நான்காம் ஜேம்ஸ் 1502இல் பேர்த் நகரத்து வில் செய்பவன் ஒருவனிடமிருந்து கோல்களை வாங்கியமை பதிவாகியுள்ளது. 1603இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னன் வில்லியம் மெய்ன் என்பவரைத் தன் வில்லும் வேலும் கோலும் செய்பவராக நியமித்தான். கோல் செய்யும் தொழில் வில் செய்வோரிடமிருந்து பிறந்ததென்பது இங்கு கவனிக்கத்தக்கது. வில்லாளியின் தோள்வலியை அறியாது வில் செய்தல் இயலாது. எவ்வளவு வளையவேண்டும், எங்கு வளையக்கூடாது, பிடி எவ்வளவு தடித்திருக்கவேண்டும் என்பன ஆளுக்காள் வேறுபடும். அதே கண்ணும் கையும் கோலுக்கும் பயன்பட்டன. ஆகவே அளவெடுத்துச் செய்தல் என்பது இவ்வாட்டத்தில் இன்று புகுந்த புதுமையன்று. தொடக்கத்தில் அதுவன்றி வேறு முறையே இருக்கவில்லை. சென்ற் அன்ட்றூசில் வாழ்ந்த ஹியூ பில்ப் (1782–1856) போன்ற கம்மியரின் கோல்கள் புகழ்பெற்றமைக்கும் இக்கைத்திறனே காரணமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அமெரிக்காவிலிருந்து வந்த ஹிக்கரி மரம் கோற்றண்டுக்கு ஏற்றதெனக் கண்டனர். மரம் ஒன்றுபோல் மற்றொன்று இராது. ஒரு தண்டு விறைப்பாகவும் மற்றொன்று நெகிழ்வாகவும் அமையும். ஆட்டக்காரன் பட்டறைக்குச் சென்று ஒவ்வொன்றாய் வீசிப்பார்த்துத் தன் கைக்கு இசைந்ததைத் தெரிவான். கம்மியன் சீவியும் தேய்த்தும் அதனைத் திருத்துவான். மாஷி, நிப்லிக், பிராஸி, கிளீக் என ஒவ்வொரு கோலுக்கும் ஒரு பெயர் இருந்தது. 1930ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் நான்கு பெரும் போட்டிகளிலும் வென்ற பொபி ஜோன்சின் மரக்கோல்களைப் பிற்காலத்தில் கருவிகொண்டு சோதித்தபோது, ஒன்றைத் தவிர ஏனையவை எடைச்சமநிலையில் ஒத்திருந்தனவென்றும், ஒவ்வாத அவ்வொன்றே அவரை ஆட்டத்தில் எப்பொழுதும் தொல்லைப்படுத்தியதென்றும் சொல்வதுண்டு. பல்லாண்டுகள் தேடிச் சேர்த்தவற்றைக் கைதான் அளந்திருக்கின்றது.

இவ்வழகிய கைத்தொழிலுக்கு மறுபக்கமும் உண்டு. பெரிய கோலின் தலைக்கு உகந்ததெனப் பின்னர் பெயர்பெற்ற பெர்சிமன் மரம், நம் நாட்டுக் கருங்காலியின் இனத்தைச் சேர்ந்தது. 1848 அளவில் வந்த புதுப்பந்து மலாயாக் காடுகளில் வடித்த கட்டாபேர்ச்சாப் பாலினால் ஆனது. 1898இல் அமெரிக்கரான ஹஸ்கல் உருவாக்கிய பந்தின் உள்ளீடு இறப்பர் நூல். அதன்பின் பெருகிய இறப்பர்த் தோட்டங்களில், இலங்கையிலும் மலாயாவிலும், பாலெடுத்தோரிற் பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற கூலிகள். பந்து குழியிற் சென்று விழும்வரையில் எத்தனை பேர் கைபட்டு வந்ததென்பதை ஆட்டப் புள்ளி எழுதும் அட்டை பதிவதில்லை.

மரக்கோலின் காலம் உருக்குத் தண்டினால் முடிவுற்றது. அமெரிக்கச் சங்கம் 1924இலும், ஸ்கொத்லாந்தின் சென்ற் அன்ட்றூஸ் ஆட்சிக்கழகம் 1929இலும் உருக்குத் தண்டை ஏற்றன. உருக்கு ஒன்றுபோல் ஒன்றாய் வார்ப்படும். ஆகவே தொழிற்சாலைகள் எண்ணிட்ட கோல்களைக் கட்டுக்கட்டாக விற்கத் தொடங்கின. பழம்பெயர்கள் மறைந்து இலக்கங்கள் வந்தன. பையிற் சேரும் கோல்கள் பெருகியமையால், 1938இல் அமெரிக்காவிலும் 1939இல் பிரித்தானியாவிலும் 14 என வரம்பிட வேண்டியதாயிற்று. மலிவும் ஒழுங்கும் கிடைத்தன என்பதை மறுக்கவியலாது. ஆனால் தொழிற்சாலை ஓர் ஆளைக் கற்பனை செய்துகொண்டது: நடுத்தர உயரம் கொண்ட மேனாட்டு ஆண். அவனுடைய அளவே ‘பொது அளவு’ எனப்பட்டது. அதிலும் குறுகியவனும் நெடியவனும் பெண்ணும் தம் உடலை வளைத்துக்கொள்ள வேண்டியவராயினர்.

இந்நிலையை மாற்ற முயன்றவருள் முதன்மையானவர் நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவில் பொறியியலாளராய் விளங்கிய கார்ஸ்டன் சொல்ஹைம் (1911–2000). ‘பிங்’ என்னும் பெயரில் அவர் நிறுவிய தொழிலகம் 1970களில் நிறக்குறி அட்டவணை ஒன்றை வெளியிட்டது. ஆட்டக்காரரின் உயரத்தையும், அவர் நிமிர்ந்து நிற்கும்போது மணிக்கட்டிலிருந்து தரைவரையுள்ள தூரத்தையும் அளந்தால், அவருக்குரிய கோல் தரையோடு எக்கோணத்தில் சாய்ந்திருக்க வேண்டுமென்பதை அட்டவணை காட்டும். அக்கோணத்துக்குரிய நிறப்புள்ளி கோலின் தலையில் இடப்படும். உயரம் மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஆறடி மனிதனுக்கு நீண்ட கைகள் இருப்பின் அவன் மணிக்கட்டும் ஐந்தரை அடி மனிதனின் மணிக்கட்டும் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கக்கூடும்.

இச்சாய்கோணமே பொருத்துதலின் உயிர்நிலை எனலாம். வலக்கையாளர் ஒருவர் தமக்கு மிஞ்சிய நிமிர்வுடைய கோலால் அடித்தால், தலையின் முனை மேலெழும்பி முகம் இடப்பக்கம் திரும்பும். பந்து இடப்புறம் செல்லும். சாய்வு மிகுந்த கோலால் அடித்தால் குதிப்பக்கம் எழும்பப் பந்து வலப்புறம் ஓடும். ஆடுபவரோ தம் கையையே குறைகூறுவார். அடுத்த அடியில் இடுப்பைத் திருப்பியும் மணிக்கட்டை முறுக்கியும் கோலின் குற்றத்தை ஈடுசெய்யக் கற்பார். அக்கற்றல் பழக்கமாகும், பழக்கம் ஆட்டமாகும். தண்டின் நீளம், விறைப்பு, பிடியின் தடிப்பு, தலையின் எடை ஆகியனவும் அளக்கப்படுகின்றன. இன்று பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் கதிர்கொண்டு கணிக்கும் பொறிகள் இவ்வேலையை நுட்பமாக்கியுள்ளன.

இனித் தோட்டத்தினுட் செல்வோம். கோல்ப் கோலைப் பற்றி இத்துணை பேசியவர்கள் மட்டக்கம்பைப் பற்றி ஒரு சொல்லாவது பேசியிருக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண் தேயிலைச் செடியின் மேற்பரப்பில் கிடத்தும் நீண்ட மெல்லிய கம்பு அது. கம்புக்கு மேலே எழுந்து நிற்கும் தளிரே பறிக்கப்பட வேண்டியது; கீழுள்ளதைத் தொடலாகாது. மலைச்சரிவு முழுவதும் கத்தரித்த கம்பளம் போலத் தோன்றுவது இக்கம்பினால்தான். உல்லாசப் பயணிகள் படம்பிடித்துச் செல்லும் அச்சமதளம் இயற்கையின் ஆக்கமன்று. ஒரு கோலை வைத்து ஒவ்வொரு நாளும் அளக்கும் கைகளின் ஆக்கமாகும்.

அதனினும் கவனிக்கத்தக்கது தேயிலைச் செடியே. வெட்டாது விட்டால் பல ஆளுயரம் வளரக்கூடிய மரம் அது. அதனை முழங்காலளவை அண்மிக்கும் வரை கவ்வாத்து வெட்டி, பின்னர் இடுப்பளவில் தட்டையாகப் பரவவிட்டு, நின்றபடியே இரு கைகளாலும் பறிக்கத்தக்கதாய் அமைத்துள்ளனர். அஃதாவது ஒரு மரத்தின் வளர்ச்சியையே ஒரு பெண்ணின் கையெட்டும் உயரத்துக்குப் பொருத்தியுள்ளனர். உலகில் மனித உடலுக்கென இவ்வளவு பெரிய பரப்பில் அளவெடுத்துப் பொருத்தப்பட்ட பொருள் வேறு எவ்வளவு உண்டோ அறியேன். உடலை அளக்கத் தெரியாதவர்களாய்ப் பெருந்தோட்ட முதலாளிகளைக் கருதுவதற்கில்லை. பறிக்கும் வேகம் எங்கே கூடுமோ அங்கே அளந்தார்கள்.

அளவு அங்கேயே நின்றுவிட்டது. கவ்வாத்துக்குப் பின் பறிமட்டம் ஆண்டுதோறும் உயரும். உயர்நிலத் தோட்டங்களில் அடுத்த கவ்வாத்துக்கு நான்கு ஐந்து ஆண்டுகள் செல்லும். சுற்றின் இறுதி ஆண்டில் செடி மார்பளவை எட்ட, குட்டையான பெண் தோளை உயர்த்தியும் குதிகாலை எழுப்பியும் பறிப்பாள். அவளுக்கெனச் செடி மீண்டும் ஒருமுறை அளக்கப்படுவதில்லை. கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே உச்சந்தலையில் இழுக்கும். பாரம் கழுத்தில் இறங்கும். கயிற்றின் நீளத்தை அவளே முடிச்சிட்டுத் திருத்திக்கொள்வாள். சாக்குத்துண்டை மடித்துத் தலையில் வைத்துக்கொள்வாள். ஆண்கள் கையாளும் கவ்வாத்துக் கத்தியும் அவ்வாறே. கத்தி தோட்டத்தினுடையதாயினும், அதன் பிடியைச் சீவித் தன் உள்ளங்கைக்கு இசைவித்துக் கல்லிலே தீட்டி வைப்பவன் தொழிலாளி. பழகிய கவ்வாத்துக்காரன் தன் கத்தியைப் பிறர் கையிற் கொடுக்க விரும்பான். வில் செய்தவனிடமிருந்த அதே அறிவு லயத்து வாசலிலும் இருந்தது; அதற்குத் தொழிலென்ற பெயரோ கூலியோ கிடைக்கவில்லை. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் கொழுந்து பறிக்கும் கைக்கருவிகளை ஆராயத் தலைப்பட்டது மிகப் பிந்திய செய்தியாகும்.

நுவரெலியாப் புற்றரைக்கு மீள்வோம். ஆட்டக்காரனின் பையைச் சுமந்து உடன்செல்பவனை ஆங்கிலச் சொல்லாலேயே ‘கெடி’ என்பர். சுற்றுப்புறத்துக் குடியிருப்புக்களிலிருந்து வரும் சிறுவரும் இளைஞரும் இத்தொழிலைச் செய்தனர். பை சுமத்தல் என்பது கூலிவேலையாயினும் அதனுள் ஒரு கல்வி மறைந்திருந்தது. எத்தொலைவுக்கு எக்கோல், புல்லின் சாய்வு எப்பக்கம், ஈரத்தில் பந்து எவ்வளவு ஓடும் என்பவற்றை ஆடுபவரைவிடப் பை சுமந்தவரே நன்கறிவார். ஆனால் அவருக்குச் சொந்தக் கோல் இல்லை. கழித்துவிட்ட கோலொன்று கிடைத்தால் அது பிறருடைய உடலுக்கு அளந்தது. உயரம் குறைந்தவன் தண்டை வெட்டிக் குறுக்குவான். வெட்டிய தண்டு முன்னிலும் விறைக்கும். தலை இலேசானது போல உணரப்படும். சாய்கோணமோ மாறாது நிற்கும். இத்தகைய கோலால் ஆடப்பழகியவன் அதன் குற்றங்கள் அனைத்தையும் தன் உடலில் ஏற்றுக்கொள்கிறான்.

இதற்கு ஒப்பான, ஆனால் உலகறிந்த வரலாறொன்று தென்னாபிரிக்காவில் நிகழ்ந்தது. 1860ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலை அடைந்தது. மலையகத்துக்கு நம்மவர் கால்நடையாய் வந்தனர். அவர்கள் கரும்புத் தோட்டங்களுக்குக் கடல்வழியே சென்றனர். அவ்வாறு உருவாகிய இந்தியச் சமூகத்தில், டேர்பன் நகரிற் பிறந்தவர் செவ்சங்கர் செவ்கோலம். ‘பப்வா’ என்பது அவரது செல்லப்பெயர். சிறுவயதில் பை சுமந்தவர். பள்ளிக்கூடம் அதிகம் கண்டவரல்லர். ஆட்டம் கற்பிக்க ஆசிரியரும் இல்லை. கோலை எல்லோரும் வலக்கையை இடக்கைக்குக் கீழே வைத்துப் பிடிப்பர். அவரோ இடக்கையைக் கீழே வைத்துத் தலைகீழாய்ப் பிடித்தார். எந்த நூலும் ஏற்காத அப்பிடியோடு 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் ஒல்லாந்தின் திறந்த போட்டியில் வென்றார்.

அவருடைய வெற்றிகளுள் 1963இல் டேர்பனில் பெற்ற நேட்டால் திறந்த போட்டியின் வெற்றி வரலாற்றில் நிலைத்துவிட்டது. நிறவெறிச் சட்டங்களின்கீழ் கழகக் கட்டடத்துள் அவர் கால்வைக்க இயலாது. தோற்ற வெள்ளையர் உள்ளே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று பரிசைப் பெற்றார். அப்புகைப்படம் பல நாட்டுச் செய்தித்தாள்களில் வெளிவந்து, தென்னாபிரிக்காவை விளையாட்டுலகிலிருந்து ஒதுக்கும் இயக்கத்துக்கு வலுவூட்டிற்று. 1965இல் அதே போட்டியில் உலகப்புகழ் பெற்ற கெரி பிளேயரையும் வென்றார். அதன்பின் போட்டிகளின் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது. 1978இல் வறுமையில் மறைந்தார். டேர்பனில் ஒரு கோல்ப் திடல் இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

செவ்கோலத்தின் வெற்றியை எடுத்துக்காட்டி, பொருத்திய கோல் தேவையில்லை, திறமையே போதும் என்று வாதிடுவோர் உளர். இவ்வாதத்தை நான் ஏற்பதற்கில்லை. மழையில் நின்று பரிசு பெற்றவர் ஒருவர் உண்டென்பதால் கூரை வேண்டாம் என்று கூறிவிட முடியாது. அவரைப்போல் எத்தனை சிறுவர் பிறருடைய கோலோடு மல்லாடி ஓய்ந்தனர் என்ற கணக்கு எவரிடமும் இல்லை. டெல்லியில் பை சுமந்து பழகி 1991இல் இந்தியத் திறந்த போட்டியை வென்ற அலி ஷேரையும் இவ்வாறே உதாரணம் காட்டுவர். விதிவிலக்கின் பெருமையை விதியின் நியாயமாக்குவது ஆளும் வர்க்கத்துக்கு வாய்ப்பான வாதம். லயத்திற் பிறந்து பல்கலைக்கழகம் வந்த ஒருவரைக் காட்டித் தோட்டப் பாடசாலைகளின் குறையை மூடுவதும் இவ்வகையினதே.

துரைமாரின் காலம் சட்டப்படி முடிந்து பல்லாண்டுகள் ஆகின்றன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டோரின் சிக்கல், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இலட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றியபின், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒருவாறு தீர்ந்தது. கோல்ப் கழகங்களில் இன்று இந்நாட்டவரே உறுப்பினர். கண்டிக்கு அப்பால் திகனையில் 1999இல் விக்டோரியாத் திடல் திறக்கப்பட்டது. இந்தியத் தொழின்முறைச் சுற்றுப் போட்டிகளில் இலங்கையராகிய ந. தங்கராஜா, க. பிரபாகரன் ஆகியோரின் பெயர்களைக் காண்கிறோம். ஆகவே அளவெடுத்த கோல் வேண்டுமா என்ற வினா இன்று நம்மவரிடையேயும் எழும் வினாவாகும்.

செலவை முதலில் நோக்குவோம். பெயர்பெற்ற நிறுவனமொன்றின் பொருத்திய இரும்புக் கோல்கள் ஒரு கட்டு ஆயிரம் அமெரிக்க டொலரைத் தாண்டும். டொலருக்கு 300 ரூபா என்று கொண்டாலும் அது மூன்று இலட்சம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் அதனை ஈட்ட ஒரு தோட்டத் தொழிலாளி இருநூறு நாட்களுக்கு மேல் ஒரு சதமும் செலவழியாது உழைக்க வேண்டும். எனவே பொருத்துதல் செல்வர்க்குரிய ஆடம்பரம் என்ற எண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை.

இவ்வெண்ணத்தில் ஒரு மயக்கம் உண்டு. கோலை வாங்குவதும் கோலை அளப்பதும் ஒன்றல்ல. வசதி படைத்தவர், வாரத்திற்கொருமுறை ஆடுபவர், தமக்கு ஏறக்குறைய ஒத்த கோலைப் பல கடைகளில் வீசிப்பார்த்து வாங்கலாம். பிழையாய் அமையின் மாற்றலாம். அவர் நடுத்தர உடலமைப்பினராயின் தொழிற்சாலை கற்பனை செய்த ஆளுக்கு அவரே அண்மையானவர். பொறிகளால் அளந்து பெறும் நுட்பமான தண்டு அவர் வீச்சு நிலைபெற்ற பின்னரே பயன்தரும். வீச்சு நாளுக்கொரு விதமாய் இருக்கையில் எதனை அளப்பது? தெரிவுக்கு இடமின்றிப் பிறர் கழித்ததைப் பெறும் இளைஞனுக்கே அளவு முதன்மையாகத் தேவைப்படுகின்றது. அவனுக்கு மூன்று இலட்ச ரூபாவின் தேவையில்லை. நீளம், சாய்கோணம், பிடியின் தடிப்பு ஆகிய மூன்றே போதும். இவற்றைப் பழைய கோலிலேயே திருத்தலாம். அடித்து உருவாக்கிய மென்னிரும்புத் தலையைப் பிடிகருவியிற் பூட்டி இரண்டு பாகை வளைப்பது சில நிமிட வேலை. வார்த்த தலைகள் சில வளையா, முறியும். பிடியை மாற்றுவதும் கைவேலையே.

நுவரெலியாவுக்கெனச் சில சிறப்பியல்புகளும் உள. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. கொழும்புக் கடற்கரையோரத்தில் ஒரு கோல் பந்தை எவ்வளவு தூரம் செலுத்துமோ அதனிலும் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு கூடுதலாக மலையிலே செலுத்தும். குளிர் அதிற் சிறிதைக் குறைக்கும். ஆகவே கொழும்பில் அளந்து தொலைவு குறித்த கோல்களோடு மலைக்கு வருபவர் குழியைத் தாண்டி அடித்துவிட்டுக் கோலைப் பார்ப்பர். பாதைகள் ஒடுங்கியவை, இருபுறமும் மரங்கள். சாய்கோணத்தால் நேரும் சிறு பிழைக்கும் அங்கு மன்னிப்பில்லை. இன்னொன்று: அளப்பவர் ஆட்டக்காரரைச் சமதளப் பாயில் நிறுத்தி அளப்பார்; மலைத்திடலிலோ சமமான நிலம் அரிது. பந்து காலுக்கு மேலே கிடந்தால் இடப்புறமும் கீழே கிடந்தால் வலப்புறமும் ஓடும். இவ்விடங்களில் அட்டவணையைவிடப் பை சுமந்தவரின் கண்ணே நம்பத்தக்கது. பொருத்துதலை வேண்டாமென்பதற்கு இதனை ஒரு நியாயமாக நான் கூறவில்லை. சரிவின் பிழையோடு கோலின் பிழையும் சேர்ந்தால் எது எதனால் நேர்ந்ததென்பதை ஆடுபவர் என்றுமே அறியார். கோல் சரியாய் இருந்தாற்றான் சரிவைப் படிக்க முடியும்.

மரபுவழிக் கழகங்கள் தம்மிடம் சேர்ந்துள்ள பழைய கோல்களை இளைஞருக்கு வழங்கும்போது அவற்றை அளந்து வழங்குதல் வேண்டுமென்பதே என் துணிபு. உயரம் ஓர் அளவு. நிமிர்ந்து நின்று கைகளைத் தளரவிட்ட நிலையில் மணிக்கட்டின் மடிப்பிலிருந்து தரைவரையுள்ள தூரம் மற்றோர் அளவு. காலில் ஆட்டச் செருப்பு இருத்தல் வேண்டும், தோள் குனியலாகாது. இவ்விரண்டையும் எடுப்பதற்கு ஹட்டன் கடைவீதியிலுள்ள எந்தத் தையற்காரரிடமும் இருக்கும் நாடா போதும்.